முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள்

குன்னூரில் இருக்கிறேன், வீட்டில் பழைய விளக்குகள் நிறைய வைத்திருக்கிறேன் என்பது தெரிந்ததிலிருந்து, "நானும் பழைய பொருள் சேர்க்கலாம்னு இருக்கேன், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு யாராவது வந்தபடியே இருக்கிறார்கள். பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் இளைஞர்கள். மலையில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் தாத்தா வீடு கைக்கு வந்திருக்கும். அவர்களிடம் வாயால் சொல்வதை நிதானமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பொருள் யார் வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எப்படிக் கை மாறியது என்ற விவரம் கூடவே வந்தால்தான் அது முழுப் பொருள். விவரம் இல்லாவிட்டால் பாதிதான். நீலகிரியில் அந்த விவரம் இன்னும் ஆட்களிடம் இருக்கிறது. துரை பங்களாவில் சமையல் பார்த்தவர், தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பெரிய வீட்டு மருமகளாக வந்து இப்போது கொள்ளுப்பாட்டியாக இருப்பவர் எல்லாம் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பொருள் இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கும், இவர்கள் கிடைக்க மாட்டார்கள். அதனால் வாங்குவதற்கு அவசரமே வேண்டாம். கேட்பதற்குத்தான் அவசரம்.

இந்த மலைக்குப் பொருட்கள் வந்த வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மேலே வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா எழுந்தது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் 1873-ல் வந்தது, பல்சக்கர ரயில் குன்னூர் வரை 1899-ல், ஊட்டி வரை 1908-ல். அதற்கு முன்பு வந்ததெல்லாம் மாட்டு வண்டியிலும் ஆள் தலையிலும் ஏறி வந்தவை. ஆகவே 1899-க்கு முந்தையது என்று ஒரு கனத்த அலமாரியைக் காட்டினால், அது எத்தனை துண்டாகக் கழலும் என்று பாருங்கள். குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவப் பாளையத்துக்கு மாற்றலாகி வந்த அதிகாரிகள் வைத்திருந்த பெட்டிகளும் மேசைகளும் பிரித்து மாட்டும்படி செய்யப்பட்டவை. மூலைகளில் பித்தளைப் பட்டம் இருக்கும், கைப்பிடி வெளியே துருத்தாமல் மரத்துக்குள் அமுங்கியிருக்கும். வண்டியில் அடுக்க அதுதான் வசதி.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். பங்களா சாமான்கள் ஏலத்தில் போயின. வாங்கியவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்களே. அதனால்தான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஸ்டாஃபோர்ட்ஷயர் டீ கோப்பை வரிசையாக நிற்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அது எழுபது வருடச் சொத்து. வெள்ளைக்காரன் வைத்திருந்த காலத்தைவிட இவர்கள் வைத்திருந்த காலம் அதிகம். அந்தக் கோப்பையின் கதையை எழுதும்போது இவர்கள் பகுதியையும் சேர்த்தே எழுத வேண்டும். விற்பனைக்காரர்கள் "துரை வீட்டுச் சாமான்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அதை யாரும் பழம்பொருள் கணக்கில் சேர்ப்பதில்லை. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-ல் தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று எங்கும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கொண்டு வந்தது பெரும்பாலும் ஒரு தகர டிரங்குப் பெட்டி.

அப்படி ஒரு பெட்டியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு ஒன்றின் உள் அறையில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கரும்பச்சைப் பூச்சு, மூலைகளில் தகரம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் குடும்பத் தலைவர் பெயர், அதன் கீழே தோட்டத்தின் பெயர், அதன் கீழே "மண்டபம்" என்று முகாமின் பெயர். எழுதியவருக்குப் பழக்கமில்லாத கை. பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கியிருந்தார். மூடியின் உள்பக்கம் ஒரு பழைய காலண்டர் சாமி படம் ஒட்டி, கரையெல்லாம் பழுப்பேறியிருந்தது. பாட்டி திறந்து காட்டினார். உள்ளே ரேஷன் கார்டு, ஒரு பட்டுப்புடவை, கணவரின் கம்பளிக் கோட்டு. "இது விக்கிறதுக்கில்ல தம்பி, பார்த்துட்டுப் போ" என்றார். நான் விலை கேட்டிருக்கவே இல்லை. இருந்தாலும் அவர் சொன்னது சரி. அனுமதி கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன், அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். எந்தத் தோட்டம், கப்பலில் ஏறும்போது என்னென்ன கையில் இருந்தது, மண்டபம் முகாமில் எத்தனை நாள் என்று எல்லாம் சொன்னார். என் சேகரிப்பில் நான் மிகவும் மதிப்பது அந்த இரண்டு பக்கக் குறிப்பு. பொருள் அவர் வீட்டிலேயே இருக்கிறது, இருக்கட்டும்.

சரி, எதைச் சேர்ப்பது? ஒன்றை மட்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நாணயம், கடிகாரம், கிராமபோன், பீங்கான், பூட்டு என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினால் எதிலும் கண் பழகாது. கண் பழகாதவரிடம்தான் போலி விற்கும். ஒரே வகையில் இருபது முப்பது உருப்படியைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அடுத்தது வரும்போது ஏதோ இடிக்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

விலை குறைந்த வகையாகவும் இருக்கட்டும். பழைய படத் தபால் அட்டைகள் நல்ல தொடக்கம். ஊட்டி ஏரி, குன்னூர் ரயில் பாதை, தோடர் பழங்குடிகளின் குடியிருப்பான மந்து என்று நூறு வருடத்துக்கு முன்னால் ஏராளமாக அச்சாகியிருக்கின்றன. ஒரு பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும் என்று விட்டிருந்தால் அது பழைய முறை. நடுவில் கோடு போட்டுச் செய்திக்கும் இடம் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902-ல்தான் வந்தது. படிகளும் ஆழாக்குகளும் இன்னொரு வகை. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தபின் கொஞ்ச காலத்தில் அவை கடைகளை விட்டுப் போய்விட்டன, வீடுகளில் இன்னும் அரிசி அளக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இன்னொன்று: ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். "இந்து" என்ற பெயரில் ஃபிலிம் செய்தார்கள், எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். இப்போது மூடிக்கிடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளில் ஃபிலிம் பெட்டி, விலைப்பட்டியல், அடையாள அட்டை, கேன்டீன் டோக்கன் என்று ஏதாவது இருக்கும். நூறு வயது ஆகவில்லைதான். இன்றைக்கு யாராவது சேர்த்து வைக்காவிட்டால் நூறு வயது ஆகும்போது அது இருக்காது.

நான் சேர்ப்பது விளக்குகள். மின்சாரம் வராத காலத்தில் மட்டுமல்லாமல், வந்த பிறகும் மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இங்கே நாள்கணக்கில் அரிக்கேன்தான். அதனால் நல்ல விளக்குகள் இந்த மலையில் நிறைய வந்து தங்கின. ஒரு அரிக்கேனைக் கையில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பது என்று விவரமாகவே சொல்கிறேன். மற்ற பொருளுக்கும் இந்த வரிசைதான் உதவும்.

முதலில் அடியைத் திருப்புங்கள். முன்பக்கம் விற்பவர் துடைத்து வைத்தது, அடியை யாரும் துடைப்பதில்லை. உண்மையாகப் பல வருடம் தரையிலும் திண்ணையிலும் வைத்து எடுத்த விளக்குக்கு அடி விளிம்பில் ஒரே சீராகத் தேய்மானம் இருக்கும். அமிலம் ஊற்றிப் பழையதாக்கியதற்குத் துரு திட்டுத் திட்டாக, தேய்மானம் வரக் கூடாத குழிகளுக்குள்ளும் இருக்கும். அடுத்து எண்ணெய்த் தொட்டியைக் காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். உள்ளே கரகர என்று சத்தம் வந்தால் துருச் செதிள், தொட்டி சீக்கிரம் ஓட்டையாகும். பிறகு இரண்டு பக்கக் குழாய்கள். அவைதான் இந்த விளக்கின் உயிர். குளிர்காற்று வகை என்று சொல்வார்களே, அதில் மேலே புகைபோக்கியைச் சுற்றி அகலமான ஒரு அறை இருக்கும். வெளிக்காற்று அதில் நுழைந்து குழாய்கள் வழியாகக் கீழே இறங்கித் திரிக்கு வரும். புகை கலந்த சூடான காற்றே பாதி திரும்பி வரும் பழைய வகையைவிட இதில் சுடர் வெள்ளையாக நிற்கும், காற்றடித்தாலும் அணையாது. குழாய் நசுங்கியிருந்தாலோ, பற்றவைத்த இடம் விட்டிருந்தாலோ விளக்கு புகையும். அழகுக்கு வாங்குகிறோம், எரிக்கவா போகிறோம் என்று கேட்கலாம். எரியாத விளக்கை நான் வாங்குவதில்லை. அது என் பழக்கம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம்தான் எழுத்து. அமெரிக்காவின் டீட்ஸ், ஜெர்மனியின் ஃபாயர்ஹாண்ட், மகாராஷ்டிரத்தின் ஓகலேவாடியில் செய்த பிரபாத் எல்லாம் இந்தப் பக்கம் கிடைத்திருக்கின்றன. தொட்டியில் ஒரு பெயர், திருகில் ஒரு பெயர், சிம்னிக் கண்ணாடியில் ஒரு பெயர் என்று இருந்தால் அது பல விளக்கைக் கூட்டிச் சேர்த்தது. கண்ணாடி மாறியிருப்பது சகஜம், அது உடையத்தான் செய்யும். திருகும் மேல்மூடியும் மாறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில் செய்தது, யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் சரி. காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால் அதைச் செய்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வருடத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான். பின்னால் முப்பது வருடம்கூட அதே அச்சில் அடித்திருப்பார்கள்.

பெட்ரோமாக்ஸ் தனி உலகம். பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸின் கம்பெனி செய்தது. அவர் பெயரிலிருந்துதான் விளக்குக்குப் பெயர். நம் ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுத்து, அந்த வெளிச்சத்தில் பந்தி நடந்திருக்கிறது. இந்தியாவில் செய்த நகல்கள் அசலைவிடப் பல மடங்கு அதிகம், அவையும் நல்ல விளக்குகளே, அந்த விலைக்கு வாங்கினால் போதும். சுடரில் ஒளிரும் வலைத்துணியான மேண்டில்கள், பழையவை டப்பாவோடு கிடைத்தால் கவனமாக இருங்கள். அவற்றில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கும், எரிந்த சாம்பல் மூக்கில் ஏறக் கூடாது. புது மேண்டில் போட்டு எரியுங்கள். பழையதைப் பிரிக்காமல் டப்பாவிலேயே வையுங்கள்.

பீங்கானும் வெள்ளியும் பங்களா சாமான்களில் அதிகம் வருவதால் சில அடையாளங்களைச் சொல்கிறேன். 1891-லிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் தட்டின் அடியில் "இங்கிலாந்து" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த வருடத்துக்குப் பிறகு. "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுசாக இருந்தால் இருபதாம் நூற்றாண்டு. வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான வைர வடிவ முத்திரை 1842-லிருந்து 1883 வரை. 1884-லிருந்து "ஆர்.டி.நம்பர்" என்ற பதிவு எண் வரிசை தொடங்குகிறது, 1900 வாக்கில் அது மூன்றரை லட்சத்தைத் தொட்டது. எண் சிறிதாக இருந்தால் வடிவம் பழையது. வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஆங்கிலேய ஸ்டெர்லிங், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம். டீ கெண்டி, பிஸ்கட் பெட்டி, ஸ்பூன் என்று மலையில் வருவதில் பெரும்பாலானவை இந்த முலாம்தான். அழகாகவே இருக்கும், ஆனால் வெள்ளி விலைக்கு எடை போட்டு வாங்காதீர்கள்.

மரச் சாமானில் இழுப்பறையை முழுசாக வெளியே உருவிப் பாருங்கள். பக்கப் பலகை சேரும் இடத்தில் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் அளவு மாறி இருந்தால் கையால் வெட்டியது. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் எந்திரம். நட்சத்திரத் தலைத் திருகாணி 1930-களில் வந்தது. "நூற்றைம்பது வருட மேசை"யில் அது இருந்தால் பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது மேசையே பின்னால் வந்தது. ஈட்டி மரம் கையில் எடுத்தால் கனக்கும், கறுப்பு ரேகை உள்ளே வரை ஓடும். தோட்டத்தில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக்குக்குச் சாயம் ஏற்றியிருந்தால் இழுப்பறையின் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும்.

போலிகளில் இங்கே அதிகம் சுற்றுவது குழல் வைத்த கிராமபோன். மினுமினுக்கும் மெல்லிய பித்தளைக் குழல், புது மரப் பெட்டி, உள்ளே ஏதோ ஒரு பெட்டி கிராமபோனிலிருந்து கழற்றிய எந்திரம், முகப்பில் நாய் படம். அசல் குழல்கள் பெரும்பாலும் வண்ணம் பூசிய தகரம், சில மரம். கடலோடிகளின் தொலைநோக்கி, திசைகாட்டி என்று லண்டன் பெயர் பொறித்து வருபவை ரூர்க்கியில் இன்றும் செய்யப்படுகின்றன. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு 1818 என்று அச்சிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி செப்புக்காசு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. கடைசியாக, அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். குடும்பம் குடும்பமாகப் பணத்தை இழந்திருக்கிறார்கள், வருடா வருடம் போலீஸ் கேஸ் ஆகிறது.

வாங்கவே கூடாதவை சில உண்டு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

கோயில் சிலை, கல்லோ உலோகமோ, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வேண்டாம். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலைத் தடுக்கவே 1983-லிருந்து போலீசில் தனிப் பிரிவு இருக்கிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-ல் திரும்பி வந்தார். வீட்டில் பரம்பரையாக இருக்கும் சிலையோ ஓவியமோ நூறு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே போதும் அது பழம்பொருள் ஆவதற்கு. படம் வரைந்த சுவடி என்றால் பதிவும் வேண்டும். பழம்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பரிசாக அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

பங்களாக்களில் சுவரில் மாட்டியிருக்கும் புலித் தலை, காட்டெருமைத் தலை, யானைக் கால் முக்காலி, தந்தம் வைத்த கத்தி இவற்றை விலைக்கு வாங்குவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மைசூரில் பதப்படுத்தியது, பழையது, காகிதம் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள். உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் அது வைத்திருப்பதற்குத்தான், விற்பதற்கு இல்லை. ரயில்வே விளக்கும் மணியும் ஆசை காட்டும். எனக்கும் ஆசைதான். ரயில்வே ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் தொடாதீர்கள். அதற்கென்றே 1966-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மலை முகடுகளில் இருக்கும் பழங்காலக் கல்லறைகளான கல்வட்டங்களைப் பற்றி மனம் நொந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் இவற்றை வரிசையாகத் தோண்டினார்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எடுத்த உருவ மூடிப் பானைகளும் தங்க நகைகளும் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவராவது எங்கே எடுத்தார் என்று குறித்து வைத்தார். இன்றைக்கு இரவில் கடப்பாரையோடு போகிறவர்கள் அதையும் செய்வதில்லை. கல்லறையிலிருந்து வந்த பானை என்று யாராவது காட்டினால், வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்த கல்வட்டத்துக்கான கூலி. மண்ணிலிருந்து கிடைத்த புதையலைக் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது.

தோடர்களின் பூத்துக்குளி என்ற போர்வை பற்றியும் கேட்பார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக எண்ணி எண்ணிப் போட்ட தையல், பார்த்தால் கண் எடுக்க முடியாது. இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதில்தான். ஆகவே பழையதைத் தேடி அலையாதீர்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த கலை அது, இன்றும் அந்தப் பெண்கள் தைக்கிறார்கள். புதியதை அவர்களிடமே, கேட்ட விலைக்கு வாங்குங்கள். பழையவற்றையும், இன்னொரு பழங்குடியான கோத்தர் செய்த இரும்புக் கருவிகளையும் பானைகளையும் பார்க்க ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கத் தொடங்குமுன் அங்கே ஒரு நாள் முழுக்கச் செலவழித்தால் கண்ணுக்குப் பெரிய பயிற்சி.

எங்கே கிடைக்கும்? பழைய இரும்புக் கடைகள். ஊட்டியிலும் குன்னூரிலும் மார்க்கெட்டைச் சுற்றியே இருக்கின்றன. முதல் தடவை போய் நல்ல பொருளை எதிர்பார்க்காதீர்கள். வாடிக்கையாகப் போய் நின்று, டீ குடித்து, எதைத் தேடுகிறீர்கள் என்பது அவர் மனதில் பதிந்த பிறகுதான் உங்களுக்கென்று எடுத்து வைப்பார். எனக்குத் தெரிந்த ஒரு பாய் கடையில், "சார், இது உங்க ஐட்டம், உடைக்காம வெச்சிருக்கேன்" என்று சாக்குக்கு அடியிலிருந்து ஒரு தொட்டி விளக்கை எடுத்துக் கொடுத்தார். எடைக்குப் போட்டிருந்தால் அவருக்கு அன்றைக்கே காசு. அப்படிப்பட்டவரிடம் பேரம் பேச எனக்கு மனம் வராது. பங்களா கைமாறும்போது சாமான்களை மொத்தமாகக் கழிப்பார்கள், அந்தச் செய்தி காவலாளிக்கும் லாரிக்காரருக்கும்தான் முதலில் தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்களிடம் நேரடியாக வாங்கும்போது, கடையில் இது என்ன விலை போகும் என்று முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பேசி முடிக்கும் விலைதான் நியாயமானது. பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது வாங்குவது இன்னும் நல்லது.

வாங்கிய அன்றே ஒரு பேரேட்டில் எழுதுங்கள். தேதி, விலை, யாரிடம், எந்த ஊர், அவர் சொன்ன விவரம் அவர் வார்த்தையிலேயே, அளவு, என்னென்ன பழுது, நீங்கள் என்ன மாற்றினீர்கள். பொருளில் ஒரு எண், பேரேட்டில் அதே எண். எண்ணைப் பொருளின் மேலே பெயின்டில் எழுத வேண்டாம், நூலில் அட்டை கட்டினால் போதும். ரசீது கிடைத்தால் ஒட்டி வையுங்கள். சொன்ன விவரத்தையும் நீங்களாக ஊகித்ததையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். "துரை பங்களாவில் இருந்ததாம்" என்று அவர் சொன்னதும், "குறியைப் பார்த்தால் 1920-களாக இருக்கலாம்" என்று நீங்கள் நினைப்பதும் வேறு வேறு.

பாதுகாப்பது மலையில் பெரிய வேலை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை, அது ஓய்ந்ததும் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. கல் சுவர் ஈரம் கசியும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். புகைப்படமும் தபால் அட்டையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இருக்கட்டும், ஜெல்லை அவ்வப்போது காயவைக்க வேண்டும். கணப்படுப்புக்குப் பக்கத்தில் மரச் சாமான் போட்டால் ஒரு குளிர்காலத்தில் பலகை பிளக்கும். ஊட்டியில் வாங்கிய ஈட்டி மேசையைச் சென்னைக்குக் கொண்டுபோய் நேராக ஏசி அறையில் வைத்தாலும் அதேதான். கொஞ்ச நாள் சாதாரண அறையில் வைத்துப் பழக்குங்கள். மரத்துக்கு அடியில் மாவு மாதிரி புதிதாக உதிர்ந்திருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்னப் பொருளானால் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி சாகும். பழைய அரக்கு இசைத்தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். படுக்கப் போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது, அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்கு அதுதான் சரி. சேகரிப்புக்கு வேண்டாம். புளியின் அமிலம் மேல்தோலை அரிக்கும், பொறித்த எழுத்து ஒவ்வொரு தேய்ப்புக்கும் மங்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நன்றாகத் துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் போதும். நாணயத்துக்கு அதுவும் வேண்டாம், அப்படியே வையுங்கள்.

பேரேட்டில் கடைசியாக ஒரு பத்தி விட்டு வைக்கச் சொல்வேன்: இது எனக்குப் பிறகு யாருக்கு. பிள்ளைகளுக்கு விருப்பம் இருந்தால் அவர்கள் பெயர், இல்லையென்றால் அருங்காட்சியகமோ பள்ளிக்கூடமோ இன்னொரு சேகரிப்பாளரோ. உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் பேசி, அவர்கள் சரி என்ற பிறகு எழுதுங்கள். கேட்காமல் எழுதினால் அவர்களுக்கு அது சுமை. என் விளக்குகளில் சிலவற்றுக்கு அவை வந்த வீடுகளின் பெயரையே எழுதியிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து ஒரு குடும்பத்தில் பேரன் இப்போதே வந்து கேட்டான், தாத்தா விளக்கு உங்களிடம்தானே இருக்கிறது என்று. வாங்கிய விலைக்கே கொடுத்தேன், பேரேட்டுப் பக்கத்தை நகல் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தேன், திரி மாற்றுவது எப்படி என்று காட்டி அனுப்பினேன்.